தனஞ்சய் சாட்டர்ஜி வழக்கும் தூக்குத் தண்டனையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2004 ஆகஸ்ட் 14 அதிகாலை 4.30 மணிக்குக் கொல்கத்தா அலிப்பூர் மத்திய சிறையில் தனஞ்சய் சாட்டர்ஜி என்பவரைத் தூக்கிலிட்டார்கள். ஓர் இளம்பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றார் என்பது குற்றம். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் எல்லோரும் ஒரே குரலில் "தொங்கவிடணும்" என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன். பிறகு தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கத் தொடங்கினேன், என் எண்ணம் மாறியது. மரண தண்டனை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் வீட்டிலும் நண்பர்கள் மத்தியிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இன்று நான் தூக்கு வேண்டாம் என்கிற பக்கம் நிற்பவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்ன வழக்கு இது?

1990 மார்ச் 5. தெற்குக் கொல்கத்தாவின் பவானிபூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடி வீடொன்றில் பள்ளி மாணவி ஒருத்தி தனியாக இருந்தாள். அப்பாவும் அண்ணனும் வெளியே போயிருந்தார்கள். அம்மா மாலை ஐந்தேகால், ஐந்தரை வாக்கில் கோயிலுக்குப் போய்விட்டு ஆறு மணியை ஒட்டித் திரும்பினார். கதவைத் தட்டினால் திறக்கவில்லை. உடைத்து உள்ளே போனால் மகள் பிணமாகக் கிடந்தாள். உடம்பில் 21 காயங்கள்.

அந்தக் கட்டடத்தின் காவலாளிதான் தனஞ்சய். பாங்குரா மாவட்டத்தில் குலுடிஹி என்கிற கிராமத்துக்காரர், அப்போது 24 வயது. அன்று மாலையே அவரைக் காணவில்லை. இரண்டு மாதம் கழித்து மே 12 அன்று சொந்த ஊரில் பிடித்தார்கள். 1991 ஆகஸ்டில் அலிப்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. 1992-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1994 ஜனவரி 11 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

இறந்த பெண்ணின் பெயரை ஏன் எழுதவில்லை?

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது சட்டம். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின, தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் எழுதமாட்டேன். இந்த வழக்கைப் பற்றிய பேச்சு எல்லாமே தூக்கில் தொங்கியவரைச் சுற்றித்தான் நடக்கிறது, இந்தக் கட்டுரையும் அப்படித்தான். வாழ வேண்டிய வயதில் ஒரு பெண் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டாள் என்பதை மட்டும் படிப்பவர்கள் ஒவ்வொரு பத்தியிலும் நினைவில் வைத்திருந்தால் போதும்.

நேரில் பார்த்தவர்கள் இருந்தார்களா?

இல்லை. முழுக்க முழுக்கச் சூழ்நிலைச் சாட்சியங்களை வைத்து நிரூபிக்கப்பட்ட வழக்கு இது.

அரசுத் தரப்பு கோர்த்த சங்கிலி இப்படி இருந்தது. தனஞ்சய் தன்னைத் தொந்தரவு செய்கிறார் என்று அந்தப் பெண் வீட்டில் சொல்லியிருந்தாள். அப்பா, காவலாளிகளை அனுப்பும் நிறுவனத்திடம் புகார் செய்தார். நிறுவனம் தனஞ்சயை வேறு கட்டடத்துக்கு மாற்றி உத்தரவு போட்டது. மாறிப் போக வேண்டிய நாள்தான் அந்த மார்ச் 5. ஆனால் அவர் போகவில்லை, பழைய இடத்திலேயே இருந்தார். அந்த வீட்டுக்குப் போன் பேசப் போவதாக அவர் சொன்னதாகவும், கீழிருந்து கூப்பிட்டபோது அந்த வீட்டுப் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துப் பதில் சொன்னதாகவும் சக ஊழியர் சாட்சி சொன்னார். வீட்டுக்குள் அறுந்துபோன ஒரு கழுத்துச் சங்கிலியும் சட்டைப் பித்தான் ஒன்றும் கிடைத்தன. காணாமல் போயிருந்த கைக்கடிகாரம் தனஞ்சயின் வீட்டில் கிடைத்ததாகப் போலீஸ் சொன்னது. இவற்றோடு சம்பவத்துக்குப் பிறகு தலைமறைவானதும் சேர்ந்துகொண்டது.

மூன்று நீதிமன்றங்களும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட அறுபடவில்லை என்றன. தான் நிரபராதி என்று தனஞ்சய் கடைசி நாள் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அரிதினும் அரிதான வழக்கு" என்கிறார்களே, அது என்ன கணக்கு?

இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது.

1973-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் புதிதாக எழுதியபோது ஒரு மாற்றம் வந்தது. கொலைக்குத் தூக்கு விதிக்க வேண்டுமென்றால் நீதிபதி அதற்கான சிறப்புக் காரணங்களை எழுதிக் காட்ட வேண்டும். அதாவது ஆயுள் தண்டனைதான் வழக்கமானது, தூக்கு விதிவிலக்கு. 1980-ல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்த அரசியல் சாசன அமர்வு, மரண தண்டனை செல்லும் என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னது. ஏற்காத ஒரே நீதிபதி பி.என்.பகவதி. அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பில்தான் "அரிதினும் அரிது" என்ற சொல் பிறந்தது.

பெரும்பாலோர் இதைக் குற்றம் எவ்வளவு கொடூரம் என்கிற அளவுகோல் என்றே புரிந்துகொள்கிறார்கள். பச்சன் சிங் தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. குற்றத்தைப் பார்ப்பது போலவே குற்றவாளியையும் பார் என்றது. அவருக்கு என்ன வயது, எந்த மனநிலையில் செய்தார், திருந்த வாய்ப்பு இருக்கிறதா, இனியும் சமூகத்துக்கு ஆபத்தாக இருப்பாரா என்றெல்லாம் கேட்கச் சொன்னது. திருந்த வாய்ப்பே இல்லை என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பை அரசின் தலையில் வைத்தது. எல்லாவற்றையும் எடை போட்ட பிறகும் வேறு வழியே இல்லை என்றால் மட்டும்தான் தூக்கு.

தனஞ்சய் வழக்கில் அப்படி எடை போட்டார்களா?

1994 தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். குற்றத்தின் கொடூரம் பற்றி நிறைய இருக்கிறது. காவல் காக்க வேண்டியவனே கொன்றான் என்ற நியாயமான கோபம் இருக்கிறது. நீதிக்காகச் சமூகம் எழுப்பும் குரலுக்கு நீதிமன்றம் செவிசாய்க்க வேண்டும் என்ற வாதம் இருக்கிறது. 24 வயதில் கிராமத்திலிருந்து வந்து வாட்ச்மேன் வேலை பார்த்த அந்த மனிதன் யார், முன்பு குற்றம் ஏதாவது செய்தவனா, சிறையில் எப்படி இருக்கிறான் என்பதைத் தேடினேன். கிடைக்கவில்லை.

இது என் வாசிப்பு மட்டும் இல்லை. 2013-ல் சங்கர் கிசன்ராவ் காடே வழக்கில் உச்ச நீதிமன்றமே பழைய மரண தண்டனைத் தீர்ப்புகளை வரிசையாக எடுத்து ஆராய்ந்தது. தனஞ்சய் வழக்கில் தண்டனையைக் குறைக்கக்கூடிய சூழ்நிலைகள் பற்றி அதிகம் விவாதிக்கப்படவில்லை, குற்றவாளியை வைத்துப் பார்க்கும் சோதனை மேலோட்டமாகப் பார்த்தாலே நிறைவேறவில்லை என்று குறிப்பிட்டது. அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

1994-ல் எல்லா நீதிமன்றமும் முடிந்துவிட்டது. தூக்கு ஏன் 2004-ல்?

எனக்கு இந்த வழக்கில் மனசு ஆறாத இடம் இதுதான்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஆளுநரிடம் கருணை மனு போனது, நிராகரிப்பு. குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மாவும் 1994-லேயே நிராகரித்தார். இடையில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஒரு மனுவின் பேரில் தூக்குக்குத் தடை வாங்கியிருந்தார்கள். அதோடு கோப்பு தூங்கிவிட்டது. தடையை நீக்குங்கள் என்று மாநில அரசு கேட்கவில்லை. மனு என்ன ஆயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. ஒன்பது வருடத்துக்கு மேல் ஒரு மனிதர் இன்று வருமா நாளை வருமா என்று தூக்குக் கைதிகளின் அறையில் உட்கார்ந்திருந்தார்.

2003 கடைசியில்தான் அரசுக்கு நினைவு வந்தது. விஷயம் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, பழைய கருணை மனுவைப் பரிசீலித்த ஆளுநரின் முன்னால் கைதிக்குச் சாதகமான விவரங்கள் வைக்கப்படவே இல்லை என்பது தெரிந்தது. திரும்பப் பரிசீலிக்கச் சொன்னது நீதிமன்றம். மறுபடியும் நிராகரிப்பு. 2004 ஜூன் 25 என்று நாள் குறித்தார்கள். குடியரசுத் தலைவரிடம் புது மனு போனதால் கடைசி நேரத்தில் நின்றது. ஆகஸ்ட் 4 அன்று அப்துல் கலாம் மனுவை நிராகரித்தார். பத்தே நாளில் தூக்கு. அன்றுதான் அவருக்கு 39 வயது முடிந்தது என்று செய்திகள் வந்தன.

இதே தாமதம் பத்து வருடம் கழித்து நடந்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும். 2014 ஜனவரியில் சத்ருகன் சவுகான் வழக்கில் தலைமை நீதிபதி பி.சதாசிவம் தலைமையிலான அமர்வு, கருணை மனுவைக் காரணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடுவதே ஒரு சித்திரவதை, அதற்காகவே தூக்கை ஆயுளாகக் குறைக்கலாம் என்று சொல்லி 15 பேரின் தண்டனையைக் குறைத்தது. மனு நிராகரிக்கப்பட்டதைத் தெரிவித்த பிறகு தூக்குக்கு முன் குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும் என்றும் சொன்னது. தனஞ்சய்க்குக் கிடைத்தது பத்து நாள்.

கலாம் ஏன் நிராகரித்தார்? அவர் மரண தண்டனைக்கு எதிரானவர் என்பார்களே?

இரண்டும் உண்மை. கருணை மனுவில் குடியரசுத் தலைவர் தன் விருப்பப்படி முடிவெடுக்க முடியாது. அமைச்சரவை சொல்லும் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். தாமதிக்கலாம், ஒருமுறை திருப்பி அனுப்பலாம், அவ்வளவுதான்.

கலாம் பதவியிலிருந்து இறங்கிய பிறகு எழுதிய நினைவு நூலில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். நிலுவையில் இருந்த மரண தண்டனை வழக்குகளை ஆராயச் சொன்னதாகவும், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் சமூக, பொருளாதாரச் சாய்வு இருந்தது தனக்கு வியப்பாக இருந்ததாகவும் எழுதுகிறார். ஒரு வழக்கில் மட்டும், பெண்ணைக் கொன்றது லிஃப்ட் இயக்குபவர்தான் என்பதில் சந்தேகமில்லாததால் தண்டனையை உறுதி செய்ததாகவும் எழுதுகிறார். தனஞ்சய் லிஃப்ட் இயக்குபவர் இல்லை, காவலாளி. கலாம் மேல் எனக்குள்ள மரியாதை இதனால் குறையவில்லை. ஆனால் ஓர் உயிர் கையெழுத்தாகும் கோப்பில் இருந்த மனிதரின் வேலைகூட நினைவில் மாறிப்போயிருக்கிறது என்பதை நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

2015-ல் சட்ட ஆணையம் கருத்துக் கேட்டபோது மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று பதில் அனுப்பியவர்களில் கலாமும் ஒருவர். அந்த ஆண்டு ஜூலையில் அவர் காலமானார். ராமேஸ்வரத்தில் அவரை அடக்கம் செய்த ஜூலை 30 அன்று காலையில்தான் மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட யாகூப் மேமன் நாக்பூர் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அந்த நேரத்தில் கொல்கத்தாவில் என்ன மனநிலை இருந்தது?

ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. அன்றைய முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யாவின் மனைவி மீரா, தூக்கு வேண்டும் என்று பொதுவெளியில் இயக்கம் நடத்தினார். மனித உரிமை அமைப்புகள் சிறை வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றின. தூக்குப் போடுபவரான நாட்டா மல்லிக், எண்பது வயது தாண்டிய முதியவர், தினமும் தொலைக்காட்சியில் வந்தார். கயிற்றைப் பற்றியும் முடிச்சைப் பற்றியும் அவரிடம் கேட்டார்கள். தமிழ்ப் பத்திரிகைகளும் அதை எல்லாம் எழுதின. நாங்கள் விடுதியில் அதைப் படித்தோம். தனஞ்சயின் குடும்பம் உடலை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டது.

அப்படியானால் தனஞ்சய் நிரபராதி என்கிறீர்களா?

அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. சொல்லவும் மாட்டேன்.

கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் வழக்கு ஆவணங்களை வருடக்கணக்கில் ஆராய்ந்து, சாட்சியங்களில் ஓட்டைகள் இருப்பதாகப் புத்தகமே எழுதினார்கள். இத்தனை காயம் ஏற்படுத்தியவர் கொஞ்ச நேரத்தில் கீழே வந்தபோது உடையில் ரத்தம் இருந்ததாக ஏன் யாரும் சொல்லவில்லை, கடிகாரம் கைப்பற்றப்பட்ட விதத்தில் ஏன் முரண்பாடு என்பது போன்ற கேள்விகள் அவை. மரபணுச் சோதனையும் நடக்கவில்லை. அவர்கள் சொல்லும் மாற்று ஊகங்களை நான் இங்கே எடுத்து எழுதவில்லை. நிரூபிக்காமல் ஒருவர் மேல் பழி போடக் கூடாது என்று எழுதுகிற கட்டுரையில், நிரூபிக்காத பழியை இன்னொருவர் மேல் போட முடியாது.

எனக்கு வேண்டியது இதுதான்: அந்தக் கேள்விகளில் ஒன்று சரி என்று நாளைக்கே தெரியவந்தால் என்ன செய்வோம்?

லண்டனில் அப்படி நடந்திருக்கிறது. 1950 மார்ச்சில் டிமோதி எவன்ஸ் என்ற இளைஞரை, சொந்தக் குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிட்டார்கள். அவருக்கு எதிரான முக்கிய சாட்சி அதே வீட்டில் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. மூன்று வருடம் கழித்து அந்தக் கிறிஸ்டியின் வீட்டுச் சுவருக்குள்ளும் தோட்டத்திலும் பெண்களின் பிணங்கள் கிடைத்தன. எவன்ஸின் மனைவியையும் தான்தான் கொன்றதாக அவன் ஒப்புக்கொண்டான். 1966-ல் எவன்ஸுக்கு அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. அதற்கு முந்தைய வருடமே பிரிட்டன் கொலைக்கான தூக்கை நிறுத்தியிருந்தது.

இந்தியாவில் தப்பாகத் தூக்கிலிட்டதாக யாராவது ஒப்புக்கொண்டிருக்கிறார்களா?

ஏறக்குறைய. ராஜஸ்தானில் ராவ்ஜி என்பவருக்கு உச்ச நீதிமன்றம் 1995-ல் தூக்கை உறுதி செய்தபோது, குற்றத்தை மட்டும் பார்த்தால் போதும், குற்றவாளியைப் பார்க்க வேண்டியதில்லை என்ற பொருளில் எழுதிவிட்டது. பச்சன் சிங் தீர்ப்புக்கு நேர் எதிரானது அது. அவரை 1996-ல் தூக்கிலிட்டார்கள். அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டி இன்னும் பலருக்குத் தூக்கு விதித்தார்கள். 2009-ல்தான் உச்ச நீதிமன்றம் அது சட்டத்தை மீறிய தீர்ப்பு என்று சொன்னது. 2012-ல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜிக்குக் கடிதம் எழுதி, இப்படித் தவறான தீர்ப்பின்படி சிறையில் காத்திருப்பவர்களைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார்கள்.

இன்னொன்று, 1982-ல் வந்த ஹர்பன்ஸ் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தைக் கொன்றதாக மூன்று பேருக்குத் தூக்கு. குற்றம் ஒன்று, பங்கும் ஒன்று. மூவரும் தனித்தனியாக மேல்முறையீடு செய்தார்கள், வெவ்வேறு அமர்வுகளுக்குப் போனது. ஒருவருக்கு ஆயுளாகக் குறைந்தது. ஒருவர் 1981 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். ஹர்பன்ஸ் சிங்கின் மனுவை விசாரித்தபோதுதான் மூவருக்கும் மூன்று விதி கிடைத்திருப்பது நீதிமன்றத்துக்கே தெரிந்தது. அவர் பிழைத்தார். இறந்தவருக்கு எதுவும் செய்ய முடியவில்லை.

தூக்கு இருந்தால்தானே பயம் இருக்கும்?

பயம் வருவது பிடிபடுவோம் என்ற நினைப்பில்தான், என்ன தண்டனை என்ற கணக்கில் இல்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2012-ல் முப்பது வருட ஆய்வுகளைப் பரிசீலித்து, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்று இவற்றை வைத்துச் சொல்லவே முடியாது என்றது. நம் சட்ட ஆணையமும் 2015-ல் கொடுத்த 262-வது அறிக்கையில், ஆயுள் தண்டனையை விடத் தூக்கு அதிகம் தடுக்கிறது என்பதற்குச் சான்றில்லை என்று சொல்லி, பயங்கரவாதக் குற்றங்கள் தவிர மற்றவற்றுக்குத் தூக்கை ஒழிக்கப் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை.

அப்புறம் ஒரு பழைய செய்தி. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-லேயே மரண தண்டனையை நீக்கியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அதில் அடக்கம். இந்தியாவோடு இணைந்த பிறகுதான் அங்கே தூக்கு திரும்ப வந்தது.

ஆயுள் தண்டனை என்றால் 14 வருடத்தில் வெளியே வந்துவிடுவார்களே?

இது தப்பான எண்ணம். ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க என்பதுதான் சட்டம். 14 வருடம் முடிந்தால்தான் முன்விடுதலையைப் பற்றி யோசிக்கவே முடியும். யோசித்து மறுக்கவும் மறுக்கலாம். 2008-ல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தூக்குக்குப் பதிலாக முன்விடுதலையே இல்லாத ஆயுள் தண்டனை விதித்தது. அப்படி விதிக்கலாம் என்பதை 2015 டிசம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. அது ராஜீவ் கொலை வழக்கின் முருகன் என்கிற ஸ்ரீகரன் பெயரில் வந்த தீர்ப்பு. ஆபத்தானவரை வெளியே விடாமல் இருக்க நம்மிடம் வழி இருக்கிறது.

தூக்குக்குப் போவது யார்?

டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் நாடு முழுக்கத் தூக்குக் கைதிகளைச் சந்தித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் மூன்று பேர் அளவுக்கு ஏழைகள். செஷன்ஸ் நீதிமன்றம் விதித்த தூக்குகளில் மேல்முறையீடு முடியும்போது நிலைப்பது 5 சதவீதத்துக்கும் குறைவு. ஏறக்குறைய 30 சதவீதம் பேர் விடுதலையே ஆகிறார்கள். தூக்கு என்று தீர்ப்பு வாங்கிய பத்துப் பேரில் மூன்று பேர் குற்றமே நிரூபிக்கப்படாதவர்கள் என்று பொருள்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நடந்தால் இப்படிப் பேசுவீர்களா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானே ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு ஏதாவது நடந்தால் நான் என் கையாலேயே கொல்ல நினைப்பேன். அதனால்தான் அந்த முடிவை என் கையில் கொடுக்கக் கூடாது. என்னைப் போலக் கொதிக்காதவர் ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும் என்பதற்குத்தானே நீதிமன்றம்?

பவானிபூர் குடும்பத்துக்கும் நாம் நல்லது செய்யவில்லை. 1990-லிருந்து 2004 வரை, 14 வருடம் அந்த வழக்கு அவர்கள் தலைக்கு மேல் தொங்கியது. ஒவ்வொரு மனுவுக்கும் மகளின் சாவு திரும்பச் செய்தியானது.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

தமிழ்நாட்டில் ஆட்டோ சங்கரை 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பிறகு நாம் அதிகம் பேசியது ராஜீவ் கொலை வழக்கு. முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் கருணை மனு 11 வருடம் கிடந்தது. 2011-ல் நிராகரித்து நாள் குறித்தபோது சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. பேரறிவாளன் 2022 மே மாதம் விடுதலையானார்.

தர்மபுரி பேருந்து எரிப்பை மறந்திருக்கமாட்டீர்கள். 2000-ல் மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்த வழக்கு. மூன்று பேருக்குத் தூக்கை 2010-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மரண தண்டனைச் சீராய்வு மனுக்களை, அதாவது உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பார்க்கக் கேட்கும் மனுக்களை, திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 2014-ல் விதி வந்தது. அதன்படி மறுபடி கேட்டு, கும்பல் வெறியில் நடந்தது, திட்டமிட்ட கொலை இல்லை என்று 2016-ல் ஆயுளாகக் குறைத்தார்கள். அதுவரை சீராய்வு மனுவை நீதிபதிகள் தங்கள் அறையிலேயே படித்துத் தள்ளிவிடுவது வழக்கம்.

"கொலையோடு பாலியல் வன்கொடுமை என்றால் கட்டாயம் தூக்கு" என்று சட்டம் கொண்டுவரலாமே?

அதே கொல்கத்தாவில் 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே மேற்கு வங்கச் சட்டமன்றம் அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆனால் தூக்கைத் தவிர வேறு தண்டனையே இல்லை என்று சொல்லும் சட்டப் பிரிவு செல்லாது என்று மிட்டு வழக்கில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. 2025 ஜனவரியில் சியால்டா நீதிமன்றம் குற்றவாளிக்குச் சாகும்வரை சிறை விதித்தது. இது அரிதினும் அரிதான வழக்கு இல்லை என்று நீதிபதி சொன்னபோது ஊரே கொதித்தது. அவருக்கு எளிதான முடிவாக இருந்திருக்காது.

தெரிந்தவர் யாருக்காவது தூக்கு விதித்திருக்கிறார்கள். குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

இப்படியும் ஒருமுறை ஒருவர் என்னிடம் கேட்டார், அதனால் எழுதுகிறேன். செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. மேல்முறையீடு செய்யாவிட்டாலும் வழக்கு தானாக அங்கே போகும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

பள்ளிச் சான்றிதழ், மருத்துவச் சீட்டு, மனநலச் சிகிச்சைக் காகிதம், சிறையில் படித்தது, வேலை செய்தது என்று அவரைப் பற்றி எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள். 2022-ல் மனோஜ் வழக்கில், இந்த விவரங்களை விசாரணைக் கட்டத்திலேயே வரவழைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீல் கேட்காவிட்டாலும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். உச்ச நீதிமன்றத்தில் தோற்றதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கருணை மனு போட வேண்டும். முதலில் ஆளுநரிடம் போட்டு அவர் நிராகரித்தால், அன்றிலிருந்து 60 நாளுக்குள் குடியரசுத் தலைவரிடம் போடலாம். மனுவோடு அந்தக் காகிதங்களின் நகலும் போக வேண்டும். என்ன அனுப்பினோம், எந்தத் தேதியில் அனுப்பினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.